காலெண்ணும் மாமன்றம்

லாண்டரிக்காரருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். "இது கடிக்காது" என்று யாராவது விஷயம் தெரிந்தவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடை வாசலில் மாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குமேல் அவருக்கு உலகத்திடம் எந்தக் கோரிக்கையும் இல்லை. இவ்வளவு சின்ன ஆசையை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இவ்வளவு தூரம் அலைய முடியும் என்பதை நம்பாதவர்கள் இன்னும் எந்த அலுவலகத்துக்கும் போகாதவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

கடையின் பின்னறையில் பாய்லர் இருந்தது. நாளெல்லாம் ஆவி அடித்து அடித்து அந்த அறையின் சுவர் எப்போதும் ஈரமாகவே இருக்கும். அந்தச் சுவரில் ஒரு மழைக்காலத்தில் நெட்டைக்காலன்கள் குடியேறின. உடம்பு மிளகு அளவு, கால்கள் மட்டும் தையல் நூல் கணக்காக விரல் நீளம். நூற்றுக்கணக்கானவை ஒன்றோடொன்று கால் கோத்துக்கொண்டு சுவரில் பெரிய கறுப்புத் திட்டாக ஒட்டிக்கிடந்தன. யாராவது கிட்டே போய் மூச்சு விட்டால் கூட்டம் மொத்தமும் தண்டால் எடுப்பதுபோல மேலும் கீழும் ஆடும். அவை செய்த அதிகபட்ச வம்பு அதுதான். வலை கட்டியதில்லை, துணியை அரித்ததில்லை.

ஆனால் பல் டாக்டரின் மனைவி ஒருநாள் படுக்கை விரிப்பை வாங்கிப் பிரித்தபோது அதில் ஒரு நெட்டைக்காலன் இருந்தது. அந்தக் கடைத் துணியில் விஷச் சிலந்தி இருக்கிறது என்ற செய்தி அவள் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? துணி போடுகிறவர்கள் குறைந்தார்கள். போட்டவர்களும் வாங்கும்போது கடை வாசலிலேயே நின்று உதறிப் பார்த்தார்கள்.

லாண்டரிக்காரரின் மனைவி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு இழுப்பு இழுத்தால் பிரச்சினை தீர்ந்தது என்பது அவள் கட்சி. அவருக்கு மனசு வரவில்லை. இன்று விரட்டினால் நாளைக்கு வரும், ஊர் பேச்சு மட்டும் போகாது என்றார். அடுத்த தெருவிலேயே அனைத்துயிர் வகைப்பாட்டு மாமன்றம் இருந்தது. அங்கே வேலை பார்ப்பவர்களின் வெள்ளைக் கோட்டுகளை அவர்தான் இத்தனை வருஷமாக வெளுத்துக் கொடுத்துவந்தார். அவ்வளவு வெள்ளையாகக் கோட்டு போடுகிறவர்களுக்குத் தெரியாத விஷயம் இருக்காது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

ஒரு நெட்டைக்காலனை நோகாமல் கண்ணாடித் தம்ளருக்குள் விட்டு, மேலே காகிதம் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்கள். இவர் அதைத் தம்ளரில் விட்டு, காகிதத்தில் மூச்சுவிட ஓட்டையும் போட்டு எடுத்துப் போனார்.

மாமன்றத்தின் முகப்பில் நிறுவனரின் பொன்மொழி செதுக்கியிருந்தது: காலே உயிரின் முகவரி. அதன்படியே உள்ளே எல்லாம் அமைந்திருந்தது. எட்டுக்கால் பிரிவு, ஆறுகால் பிரிவு, நாலுகால் பிரிவு, இருகால் பிரிவு, காலில்லாப் பிரிவு என்று தனித்தனிக் கதவுகள், தனித்தனித் தலைவர்கள். மரவட்டைக்கென்று அடித்தளத்தில் ஒரு பிரிவு இருந்தது. அங்கே நிறுவனர் காலத்தில் எண்ண ஆரம்பித்தவர்கள் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒற்றைப்படையில் காலுள்ள உயிர் உலகில் கிடையாது என்று நிறுவனர் சொல்லிவிட்டபடியால் அதற்கு மட்டும் பிரிவு இல்லை. அப்படி ஏதாவது வந்தால் இரட்டைப்படை ஆகும்வரை வராந்தாவில் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதற்குக் கைவழி மரியாதை என்று பெயர். நிறுவனர் தன் வாழ்நாளின் முதல் பட்டாம்பூச்சியை வெறும் கையால் வாங்கி வெறும் கையாலேயே தன் ஆசிரியரிடம் கொடுத்தாராம். அந்தப் பட்டாம்பூச்சி என்ன ஆயிற்று என்பதற்குக் குறிப்பு இல்லை. அன்றிலிருந்து மாமன்றத்துக்குள் வரும் எந்த உயிரும் பெட்டியில் போகாது, கிண்ணத்தில் போகாது. பதவி வரிசைப்படி கைமாறித்தான் மேலே போகும்.

வரவேற்பு மேசைக்காரர் தம்ளருக்குள் இரண்டு விரலை விட்டு நெட்டைக்காலனைத் தூக்கினார். கால் ஒன்று அவர் விரலிலேயே நின்றுவிட்டது, மிச்சம் மேசையில் விழுந்து ஓடியது. விரலில் நின்ற கால் துடித்துக்கொண்டிருந்தது. மேசைக்காரர் சலனமே இல்லாமல் அதை ஒரு தட்டில் வைத்துவிட்டு, ஓடியதைக் கைக்குட்டையால் அமுக்கிப் பிடித்து எண்ணி, ஏழு என்று சொல்லி, வராந்தாவைக் காட்டினார்.

வராந்தாவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். எட்டுக்கால் பிரிவின் உதவி ஆய்வாளர். தன் பிரிவுக்கு வர வேண்டியது ஏதாவது வழியில் நிற்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெட்டைக்காலனைக் குனிந்து பார்த்தார். முதல் தடவையாக அந்தக் கட்டடத்தில் ஒருவர் காலைத் தவிர வேறு எதையோ பார்ப்பதுபோல லாண்டரிக்காரருக்குத் தோன்றியது.

"இது சிலந்தியே இல்லைங்க," என்றார் அவர். "சிலந்திக்கு உடம்பு ரெண்டு துண்டா இருக்கும், நடுவுல இடுப்பு தெரியும். இதுக்கு இடுப்பே கிடையாது, எல்லாம் ஒரே உருண்டை. நூல் விடத் தெரியாது. விஷமும் இல்ல. முதுகு நடுவுல ஒரு சின்ன மேடு இருக்கு பாருங்க, அதுமேல ரெண்டே ரெண்டு கண்ணு. இந்த ரெண்டாவது ஜோடிக் கால் மத்ததைவிட நீளம், அதாலதான் வழி தடவிப் பார்க்கும். யாராவது காலைப் பிடிச்சா காலைக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிடும். அந்தக் கால் திரும்ப முளைக்காது."

லாண்டரிக்காரருக்கு உயிர் வந்தது. இதையே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் தான் இப்படியே கிளம்பிவிடுவதாகச் சொன்னார்.

"தெரிஞ்சதை எழுத எனக்கு அதிகாரம் இல்லைங்க. எண்ணினதைத்தான் எழுதலாம். தெரிஞ்சதை வேணும்னா வாயால சொல்லலாம், அதுவும் இந்த வராந்தாவுல வச்சு."

அப்படியானால் மேலே இருப்பவர்களுக்கு இது தெரியாதா என்று அவர் கேட்டார். எல்லாருக்கும் தெரியும் என்றார் ஆய்வாளர். தெரிந்துகொண்டுதான் எண்ணுகிறார்கள் என்றும் சொன்னார்.

சிறிது நேரத்தில் மேற்பார்வையாளர் வந்து வாங்கினார். இன்னொரு கால் போயிற்று. ஆறு. எட்டுக்கால் பிரிவின் வாசலில் நின்றுகொண்டிருந்த உயிர் அந்த நொடியே ஆறுகால் பிரிவுக்குச் சொந்தமானது. ஆறுகால் தலைவர் வெளியே ஓடிவந்து வரவேற்றார். எட்டுக்கால் தலைவர், வழிப்பறி நடப்பதாகக் கத்தினார். இரண்டு பேரும் அதை மாறி மாறிப் பிடுங்கியதில் அது நாலுகால் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது. நாலுகால் தலைவர் வாழ்க்கை முழுவதையும் மாடுகளோடு கழித்தவர். உள்ளங்கையில் மிளகு அளவு கிடந்ததைப் பார்த்துவிட்டு, கன்று போலிருக்கிறது, தாய் எங்கே என்று கேட்டார்.

அன்று வாக்கியம் கிடைக்கவில்லை. இன்னும் மாதிரிகள் தேவை, நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அதை நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டு அவர் வீடு திரும்பினார். மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்போதும் விளக்குமாற்றைக் கீழே வைக்கவில்லை.

மறுநாள் மாமன்றம் கடைக்கு வந்தது. ஒவ்வொரு பிரிவும் தனித்தனி வண்டியில் வந்தது. சுவரிலிருந்து கைகையாக அள்ளினார்கள், அங்கேயே வரிசையில் நின்று கைமாற்றினார்கள். மருண்ட பூச்சிகளிடமிருந்து ஒரு நெடி கிளம்பி அறை முழுவதும் நிறைந்தது. அதை லாண்டரியின் இயற்கை மணம் என்று எழுதிக்கொண்டார்கள். பிறகு, இனத்தின் முதல் வாழிடத்தில் யாரும் நடமாடக் கூடாது என்று பின்னறையைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். பாய்லர் உள்ளே மாட்டிக்கொண்டது. தெருவில் பாதிப்பேரின் துணியும் உள்ளேதான் இருந்தது.

பாய்லர் இல்லாத லாண்டரி எண்ணெய் இல்லாத விளக்கு மாதிரி. லாண்டரிக்காரர் முன்னறையில் வெறும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, துணி கேட்டு வருகிறவர்களிடம் கைகூப்பிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தக் கடையைத் தவிர வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ளும் வயதும் இல்லை. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை என்று வெளியே சொல்லிக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது. தானாகப் போய் வரவழைத்த வினை அல்லவா!

நாலுகால் பிரிவினர் திரும்பி வந்து பின்பக்கத்தில் வேலி போட்டு, ஒரு கட்டு வைக்கோலும் தண்ணீர்த் தொட்டியும் வைத்துவிட்டுப் போனார்கள். வைக்கோல் அப்படியே கிடப்பதைப் பார்த்து, கூச்ச சுபாவமுள்ள இனம் என்று முடிவு செய்தார்கள். காலில்லாப் பிரிவினர் அதுவரை சும்மா இருந்தார்கள். கழன்று தட்டில் கிடந்த கால்களை யாரோ அவர்களுக்குக் காட்டிவிட்டார்கள். நீளமாக இருக்கிறது, மெல்லிசாக இருக்கிறது, நெளிகிறது, கால் என்று ஒன்று இல்லை. அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? அன்று சாயங்காலமே கடை வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை நட்டார்கள்: பாம்பு உண்டு, ஜாக்கிரதை.

கடிக்காது என்ற வாக்கியத்துக்காகச் சட்டம் போட வாங்கிவைத்திருந்த கண்ணாடியை லாண்டரிக்காரரின் மனைவி எடுத்துப் பரணில் போட்டாள். "கேட்டது ஒண்ணு, கிடைச்சது ஒண்ணு. இன்னும் போய்க் கேளுங்க. அடுத்தது புலின்னு எழுதுவாங்க."

அவர் போகத்தான் செய்தார். போன அன்று மாமன்றத்தில் ஆண்டுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடையில் தலைமை இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் பொறுப்பேற்றபோது இந்த வட்டாரத்தில் நெட்டைக்காலன் என்று ஒரே ஓர் இனம்தான் இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இன்று ஐந்து இனங்கள். அத்தனையும் ஒரே சுவரிலிருந்து. இயற்கை லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டு செய்கிற வேலையை நம் அலுவலர்கள் ஒரே வாரத்தில் முடித்திருக்கிறார்கள். எந்தக் கருவியும் இல்லாமல், வெறும் கையால் முடித்திருக்கிறார்கள். இவ்வளவு இனங்களும் எங்கள் கைக்கு வருவதற்கு முன்னால் எங்கே இருந்தன என்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் கைக்கு வருவதற்கு முன்னால் அவை இல்லை என்பதுதான் எங்கள் பெருமை."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. உதவி ஆய்வாளரும் கைதட்டினார். லாண்டரிக்காரரைப் பார்த்ததும் கையைக் கீழே போட்டுவிட்டு, பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து மறுபடி தட்டினார்.

கூட்டம் முடிந்த கையோடு இருகால் பிரிவின் தலைவர் லாண்டரிக்காரரைத் தேடி வந்தார். முகத்தில் அவ்வளவு பரிவு. இரண்டே கால் மிஞ்சிய மாதிரிகள் சில அவர் பிரிவுக்கு வந்திருந்தனவாம். முதலில் பறவை என்று நினைத்தார்களாம், இறகைத் தேடினால் இல்லையாம். இரண்டு கால் இருந்து இறகு இல்லாவிட்டால் நிறுவனரின் பட்டியலில் இருப்பது ஒரே ஓர் இனம்தான் என்றார் அவர். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மனுஷங்க சார். உங்க பின்னறையில குடியிருக்கறது மனுஷங்க. ஒரு அறையில இத்தனை பேரை அடைச்சு வச்சிருக்கீங்க, ஜன்னல்கூடச் சரியா இல்ல."

ஆகவே பின்னறை அதில் குடியிருப்பவர்களுக்கே சொந்தம். அவர்களால் பேச முடியாது என்பதால் அவர்கள் சார்பில் மாமன்றம் பொறுப்பேற்கும். லாண்டரிக்காரர் தனக்கு உரிமை இருப்பதாக நினைத்தால், தான் எந்த இனம் என்று முறைப்படி நிரூபிக்க வேண்டும். அதற்கு அவர் நாளைக் காலை நேரில் வந்து, கைவழி மரியாதையுடன் பெற்றுக்கொள்ளப்பட வேண்டும். வராவிட்டால் முன்னறையும் சேர்ந்து போய்விடும்.

போக வேண்டாம் என்றாள் மனைவி. கடை போனாலும் பரவாயில்லை, நீங்கள் முழுசாக இருந்தால் போதும் என்றாள். அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. அதனாலேயே அவருக்குப் போயே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் சேர்ந்து சுண்ணாம்பு அடித்த கடை அது. இருப்பதிலேயே நல்ல சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு காலையில் கிளம்பினார்.

மாமன்றத்தின் நீளக் கூடத்தில் அலுவலர்கள் பதவி வரிசைப்படி நின்றார்கள். வரவேற்பு மேசைக்காரர் அவருடைய காலரைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். மேற்பார்வையாளர் இடது கையை வாங்கிக்கொண்டார். ஆறுகால் தலைவருக்கு வலது கை. நாலுகால் தலைவர் குனிந்து அவருடைய காலைப் பிடித்தார். அந்தக் கட்டடத்தில் வேலையாக வேண்டுமென்றால் பொதுமக்கள்தான் அதிகாரிகளின் காலைப் பிடிப்பது வழக்கம். இது நேர்மாறாக இருந்தது, அதுவே அவருக்குப் பீதியைக் கிளப்பியது. ஓரத்து மேசையில் ஒரு தட்டு இருந்தது. அதில் கால்கள் இருந்தன.

இழுங்கள், இன்னும் கொஞ்சம், வந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள்.

லாண்டரிக்காரர் பயந்துபோனார். பயத்தில் என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. நாலுகால் தலைவரை உதறினார், கைகளை உள்ளே இழுத்தார், தலையைக் குனிந்தார், சட்டைக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்து பனியனோடு ஓட்டம் பிடித்தார். சட்டை அவர்கள் கையிலேயே நின்றது. கூடத்து மின்விசிறிக் காற்றில் அதன் இரண்டு கைகளும் படபடவென்று அடித்துக்கொண்டன. அலுவலர்கள் அத்தனை பேரும் வாயைத் திறந்துகொண்டு அதையே பார்த்தார்கள். ஒருவர்கூடத் துரத்தவில்லை.

மூச்சிரைக்கக் கடைக்கு வந்தவர், இரும்புக் கம்பியை எடுத்துப் பூட்டையும் முத்திரையையும் உடைத்தார். பின்னறைச் சுவரில் பழைய கூட்டம் இல்லை. ஏழெட்டு மட்டும் மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தன, அவற்றிலும் முழுக் காலோடு இருந்தது ஒன்றோ இரண்டோ. அவர் மூச்சுப் பட்டதும் அவையும் முடிந்தவரை மேலும் கீழும் ஆடிப் பார்த்தன. அவருக்கு அழுகை வந்துவிட்டது. மனைவி விளக்குமாற்றைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, பாய்லரைப் பற்றவைத்தாள்.

மத்தியானம் மாமன்றத்திலிருந்து ஆய்வர் ஒருவர் வந்தார். லாண்டரிக்காரர், சரி, முடிந்தது என்று எழுந்து நின்றார். ஆய்வர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"கடை உரிமையாளர். கை ரெண்டு, கால் இல்ல, தலை இல்ல, பொத்தான் ஏழு. காலையில எங்ககிட்ட முறைப்படி வந்து சேர்ந்துட்டார்." நிமிர்ந்தார். "உங்களுக்குத் தலை இருக்கே."

இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார் லாண்டரிக்காரர்.

"அப்ப நீங்க அவர் இல்ல."

"இல்லவே இல்லைங்க," என்றாள் மனைவி, துணியை மடித்துக்கொண்டே. "இவர் இங்க வேலைக்கு இருக்கறவர்."

ஆய்வருக்குத் திருப்தி. தடை உரிமையாளருக்குத்தான், வேலையாட்களுக்கு இல்லை என்றார். உரிமையாளர் இப்போது மாமன்றத்தில் கண்ணாடிப் பேழைக்குள் சௌக்கியமாக இருக்கிறாராம், எந்தப் புகாரும் சொல்லவில்லையாம், இதுவரை வந்த பொதுமக்களிலேயே அவர்தான் ரொம்ப ஒத்துழைப்பாம். அவர் அங்கே இருக்கும்வரை கடையின் விஷயத்தில் மாமன்றத்துக்குச் சிக்கல் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாசல் பலகையை எடுக்க மட்டும் யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் தெருவே அழுக்குச் சட்டையில் நடமாடிக்கொண்டிருந்தது. அழுக்குக்கு முன்னால் பாம்பாவது பூரானாவது! பல் டாக்டரின் மனைவியே மூன்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்தாள்.

சில மாதம் கழித்து மாமன்றத்துப் பியூன் ஒரு பொட்டலத்தோடு வந்தார். நிறுவனர் நாள் வருகிறது, பேழையிலிருப்பவருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள், அதற்குமுன் அவரைத் துவைத்து இஸ்திரி போட்டுத் தர வேண்டும் என்றார். லாண்டரிக்காரர் பிரித்துப் பார்த்தார். அவருடைய நல்ல சட்டைதான். கைமாறிக் கைமாறிக் காலர் கறுத்திருந்தது. கடைசிப் பொத்தான் ஒற்றை நூலில் ஊசலாடியது.

அவர் அதைத் தடவிக்கொண்டே நின்றார். பேசாமல் வைத்துக்கொண்டுவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. மனைவி பக்கத்தில் வந்து பொத்தானைப் பார்த்ததும் அதை விரலால் தாங்கிப் பிடித்தாள்.

"இது விழுந்தா ஆறு ஆயிடும்ங்க. அப்புறம் இது வேற யாரோன்னு ஆயிடும். முதலாளியைக் காணோம்னு இங்க தேடி வருவாங்க." ஊசியையும் நூலையும் எடுத்து நீட்டினாள். "எல்லாத்தையும் சேர்த்து இறுக்கித் தைங்க. ரெட்டை நூல் போடுங்க."

அவர் மெஷினில் போடாமல் கையாலேயே துவைத்தார். காயவைத்து, ஒவ்வொரு பொத்தானாக இரட்டை நூலில் தைத்து, ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்தார். கஞ்சி போட்டு இஸ்திரி தேய்த்து, காலரைத் தவிர வேறெங்கும் பிடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு பியூனிடம் கொடுத்தார்.

பியூன் சட்டையை மரியாதையாகத் தோளுக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வாசல்வரை போனவர், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினார்.

"இவர்கிட்ட நீங்க ரொம்ப நாள் வேலை பார்த்தீங்களாமே. ஆள் எப்படி?"

"நல்ல மனுஷன்தாங்க," என்றார் லாண்டரிக்காரர். "கொஞ்சம் அப்பாவி. ஆபீஸ்ல போய்க் கேட்டா சொல்லிடுவாங்கன்னு நம்பினார்."